மெஷின் வேலை என்று சொல்லாதே, மகள்

அன்புள்ள மகளுக்கு,

லீட்ஸில் வெஸ்ட் இந்தியன் சென்டருக்கு டப் கேட்க, அதாவது ரெகே பாட்டின் குரலைக் குறைத்து டிரம்மையும் பேஸ் என்ற அடித்தொனியையும் எக்கோவையும் முன்னுக்கு விடும் இசை கேட்கப் போனேன் என்று நீ சொன்னதும் எனக்குச் சரியான சந்தோஷம். ஆனால் போனை வைக்கும்போது ஒன்று சொன்னாய்: எழுபதுகளில் ஆட்கள் வாசித்ததுதான் அசல் டப், அதற்குப் பிறகு இங்கிலாந்தில் வந்ததெல்லாம் வெறும் மெஷின் வேலை என்று. அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. அந்த மெஷின்கள் வந்திராவிட்டால் நீ அன்றிரவு கேட்டதில் ஒன்றுகூட இருந்திருக்காது.

1985இல் ஜமைக்காவில் கிங் ஜாமியும் வெய்ன் ஸ்மித்தும் ‘ஸ்லெங் டெங்’ பாட்டை வெளியிட்டார்கள். அதன் தாளமும் பேஸும் கேசியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டுக்குள் ஏற்கெனவே இருந்தவை. பொத்தானை அழுத்தினால் வரும், ஜாமி அதன் வேகத்தைக் குறைத்தார். அது அடித்த அடியில் கிங்ஸ்டனில் வாத்தியக்காரர்களுக்கு வேலை குறைந்தது, பாட்டின் பேச்சும் மாறியது. ராஸ்தஃபாரி மதம், ஆப்பிரிக்கா, அடிமைத்தனம் என்று பாடிய ரூட்ஸ் ரெகே பின்னுக்குப் போய், டான்ஸ்ஹால் பாணியின் வாய்ச்சண்டையும் வேடிக்கையும் முன்னுக்கு வந்தன. அதில் நல்ல பாட்டுகள் ஏராளம், நான் குறை சொல்லவில்லை.

ஆனால் லண்டனில் இருந்த கறுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய பேச்சு அப்போதும் தேவைப்பட்டது. 1981 ஜனவரியில் நியூ கிராஸில் ஒரு வீட்டு விருந்தில் தீப்பிடித்து 13 இளம் பிள்ளைகள் செத்தார்கள், அதே வருடம் ஏப்ரலில் பிரிக்ஸ்டன் கலவரத்தில் எரிந்தது. வேலை இல்லை, தெருவில் போனால் போலீஸ் மறிக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகள் விடியும்வரை போய் நின்ற இடம் ஜா ஷாகாவின் சவுண்ட் சிஸ்டம், பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி இசைத்தட்டுப் போடும் அமைப்பு. மற்றவர்கள் இரண்டு டர்ன்டேபிள் வைத்து மாற்றி மாற்றிப் போட்ட காலத்திலும் அவர் ஒன்றோடுதான் நின்றார். ஒரு தட்டு முடிந்தால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும், ஒருவரும் அசைய மாட்டார்கள். பேஸை முழுதாக இறக்கிவிட்டு, உச்ச ஒலியை மட்டும் கீச்சென்று விட்டு, சைரனை அடித்து, பிறகு பேஸைத் திரும்பவும் உள்ளே விடுவார். அது காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டுக்கு வரும். 2023 ஏப்ரலில் அவர் காலமானபோது அப்பா ஏன் அன்று முழுவதும் ஒருவரோடும் கதைக்கவில்லை என்று இப்போது உனக்கு விளங்கும்.

பிரச்சினை என்னவென்றால், அப்படி ஒரு சவுண்டுக்குப் புதிதாக ரூட்ஸ் பாட்டு செய்து கொடுக்க ஜமைக்காவில் ஆள் குறைந்துவிட்டது. இங்கே பேண்ட் வைத்துச் செய்யலாம் என்றால் ஐந்தாறு பேருக்குக் கூலி, மணிக்கணக்கில் ஸ்டூடியோ வாடகை. அந்த நேரத்தில்தான் டிரம் மெஷினும் சிந்தசைசரும் நாலு டிராக் ரெக்கார்டரும் சாதாரண ஆட்களுக்கு எட்டும் விலைக்கு வந்தன. 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டரில், வாத்தியங்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மிடி இணைப்பு கூடவே வந்தது, தனியாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. படுக்கையறையில் இருந்தபடி ஒருவர் முழுப் பாட்டும் செய்யலாம். ரஸ், லோல் என்ற அண்ணன் தம்பி டிசைப்பிள்ஸ் என்ற பெயரில் ஷாகாவுக்கென்றே செய்தார்கள். டிரெட் அண்ட் ஃப்ரெட், ஆல்ஃபா அண்ட் ஒமேகா என்று வேறு ஆட்களும் வந்தார்கள். ஆல்ஃபா அண்ட் ஒமேகாவில் பாதி கிறிஸ்டீன் என்ற பெண், அதையும் கவனித்துக்கொள்.

இவர்களுக்கு முன்னாலேயே வழி காட்டியவர் மேட் ப்ரொஃபசர். கயானாவில் பிறந்தவர், 1979இல் தார்ன்டன் ஹீத்தில் தன் வீட்டு முன்னறையிலேயே அரிவா ஸ்டூடியோவைத் தொடங்கினார். சின்ன வயதிலேயே எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம், அந்தப் பெயரே அதனால் வந்ததுதான்.

நான் அப்போது லூயிஷம் பக்கம் ஒரு ரிப்பேர் கடையில் வேலை செய்தேன், உனக்குத் தெரியும். சவுண்ட்காரர்கள் ஆம்ப்ளிஃபையர் கொண்டுவருவார்கள். கேடி88 வால்வு போட்டது, டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்துத் தூக்க இரண்டு பேர் வேண்டும். சரிசெய்து முடித்ததும் கடையிலேயே ஒரு டப் பிளேட்டைப் போட்டுச் சோதிப்பார்கள். அலுமினியத் தட்டின்மேல் லாக்கர் பூசி, அதில் ஒரே ஒரு பிரதி வெட்டுவது, அதுதான் டப் பிளேட். ஊசி போகப் போகத் தேயும், கொஞ்ச நாளில் இரைச்சல் கேட்கத் தொடங்கும். ஆனால் அந்தப் பாட்டு வேறு எவரிடமும் இருக்காது. நல்ல பாட்டுகள் பல, கடைக்கு வராமலே வருடக்கணக்கில் ஒரே சவுண்டில் மட்டும் ஓடின. அதைக் கேட்க நீ அங்கே போய்த்தான் ஆகவேண்டும்.

மெஷின் அந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பொருந்தியது என்பதுதான் முக்கியம், பிள்ளை. கித்தாரில் எடுக்கும் பேஸில் கம்பியின் உராய்வும் மேல்சுரங்களும் சேர்ந்து வரும். சிந்தசைசரில் அடிச்சுரத்தை மட்டும் தனியாக எடுக்கலாம், 18 அங்குல ஸ்பீக்கர் போட்ட பெட்டி அதை வைத்துக்கொண்டு கட்டடத்தையே அசைக்கும். ஒவ்வொரு அடிக்கும் கிக் டிரம் விழும் ஸ்டெப்பர்ஸ் தாளம் எழுபதுகளிலேயே உண்டு, ஆனால் டிரம் மெஷின் அதை மயிரிழைகூட விலகாமல் அடிக்கும். ஆறு மணிநேரம் நின்று ஆடுகிறவனுக்கு அதுதான் பலம். மனிதக் கை எங்கே என்று கேட்டாயே, மிக்சிங் டெஸ்க்கில் இருக்கிறது. ஸ்னேர் டிரம்மின் ஒரே ஒரு அடியை மட்டும் எக்கோவுக்குள் தள்ளி, அது சுழன்று வெடிக்கப் போகும் நேரம் பார்த்து இழுத்துவிட வேண்டும். அநேகமாக ஒரே மூச்சில் செய்வது, இரண்டாம் முறை செய்தால் வேறு பாட்டாகிவிடும். டப்பின் முன்னோடி கிங் டபி கிங்ஸ்டனில் செய்த அதே வேலைதான்.

உன் ஊரிலேயே இருக்கும் இரேஷன் ஸ்டெப்பாஸ், ஹவுஸ் இசை செய்த கையோடு 1990களில் டப்புக்குள் வந்து அதை இன்னும் முரடாக்கினார்கள். அவர்கள் நடுவே நின்றுகொண்டு மெஷின் வேலை என்கிறாயே!

சரி, போன் ஸ்பீக்கரில் மட்டும் இவற்றைக் கேட்காதே, அதில் பேஸே வராது, பிறகு என்னோடு வாதாடவும் முடியாது. பொங்கலுக்கு வரும்போது மேல் அறையில் இருக்கும் என் பெரிய ஸ்பீக்கர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போ. ஒன்றின் கோன் ஓரம் கிழிந்திருக்கிறது, நீ வருவதற்குள் ஒட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா