வலி மாத்திரையே வலியைக் கூட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வலி மாத்திரைகள் பற்றிய உங்கள் கட்டுரை அடிமையாவதைப் பற்றியே பேசியது. எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

என் அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதும் மார்ஃபின் குடும்பத்து மாத்திரை ஒன்றைக் கொடுத்தார்கள். முதல் மாதம் நன்றாகத் தூங்கினார். அப்புறம் வலி திரும்பியது. டோஸைக் கூட்டினார்கள், வலியும் கூடியது. இடுப்பில் இருந்த வலி தொடை, தோள் என்று பரவியது. புடவைக் கொசுவம் உரசினாலே துடிப்பார். "ரொம்பத்தான் படுத்துறாங்க" என்று நாங்களே பேசிக்கொண்டோம். அதை நினைத்தால் இன்னும் மனசு அறுக்கிறது.

வலி சிகிச்சை மருத்துவர் ஒருவர்தான் எங்களுக்குப் புரியவைத்தார். மருந்து பழகிப்போனால் டோஸைக் கூட்டினால் வலி அடங்கும். அம்மாவுக்கு வந்தது அப்படியல்ல, டோஸைக் கூட்டக் கூட்ட வலி ஏறும். வலிச் செய்தியை அடக்கும் நரம்பணுக்களும் தூண்டிவிடும் நரம்பணுக்களும் மூளையின் அடியில் முகுளத்தில் இருக்கின்றன. மார்ஃபின் முதலில் அடக்கும் பக்கத்துக்குக் கைகொடுக்கிறது. நாள்பட நாள்பட, தூண்டிவிடும் பக்கத்தின் கை ஓங்கிவிடலாம். தண்டுவடத்தில் வலிச் செய்தியை வாங்கிக்கொள்ளும் என்எம்டிஏ ஏற்பிகளும் முறுக்கேறிவிடுகின்றன. அதனால் சாதாரணத் தொடுதல்கூட வலியாக மூளைக்குப் போய்ச் சேர்கிறது. அந்த ஏற்பிகளை அடைக்கிற கெட்டமைன் என்ற மயக்க மருந்தைச் சில மருத்துவர்கள் இதற்குப் பயன்படுத்துவதும் அதனால்தான்.

புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை இது. மார்ஃபின் ஊசி தான் தணிக்க வேண்டிய வலியைத் தானே வளர்க்கிறதோ என்று இங்கிலாந்து மருத்துவர் கிளிஃபர்ட் ஆல்பட் 1870-லேயே சந்தேகப்பட்டிருக்கிறார். நூற்றைம்பது வருடம் கழித்தும் நோயாளி நடிக்கிறார் என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. எங்கள் வீடும் அதில் ஒன்று.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, அது வேறு ஆபத்து. புற்றுநோய் வலியில் கிடப்பவருக்கு மார்ஃபினை மறுக்கவும் கூடாது. அவர்களுக்கு அது எளிதாகக் கிடைக்கட்டும் என்றுதானே 2014-ல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள்!

அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக டோஸைக் குறைத்து, மருந்தையும் மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் பழையபடி கொசுவம் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். டோஸைக் கூட்டியும் வலி பரவினால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு வலி சிகிச்சை நிபுணரை உங்கள் இதழில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த இதழிலேயே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை