கிழக்குத் தோட்டத்துக் கிணறு

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்த்ததே இலவச மின்சாரம்தான், பம்புசெட்டுக்கு மீட்டர் வைத்தால் என்ன தப்பு?" என்று கேட்டாய். நான் பேச்சை முறித்துக்கொண்டு போனை வைத்தது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். டெல்லியில் இதையே வேலையாகப் பார்க்கிறவள் நீ. உனக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மீட்டர் என்ற சொல் இந்த ஊரில் எப்படிக் காதில் விழுகிறது என்று முதலில் தெரிந்துகொள். 1970-ல் விவசாய மின்சாரம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக ஏறியது. இரண்டு பைசாதானே என்று இன்றைக்குத் தோன்றும். அதை எதிர்த்து விவசாயிகள் போராடியபோது, அந்த ஜூன் 19-ம் தேதி திருப்பூர் பக்கத்துப் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. என் அப்பா, உன் அப்பாரு, அன்று இரவு வீட்டுக்கு வரவில்லை. ஆத்தா திண்ணையிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 1972-ல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயம்புத்தூர் வீதிகளை மாட்டு வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றபோது, அதில் நம் வண்டியும் நின்றது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அதைச் சலுகை என்று நீ சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நியாயம் என்று பார்த்தாலும் ஒன்று கேட்கிறேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் தானாக வந்து வயலில் பாய்கிறது. அணை கட்டியது அரசு, வாய்க்கால் வெட்டியதும் அரசு. இங்கே நாங்கள் கடன் வாங்கிக் கிணறு வெட்டினோம், மோட்டாரும் நாங்களே வாங்கினோம். அங்கே மதகைத் திறந்துவிடுவதற்கு ஈடாக இங்கே கம்பியில் மின்சாரம் வருகிறது. வாய்க்கால் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்காதவர்கள் எங்கள் மோட்டாருக்கு மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

இதையெல்லாம் நான் கூட்டங்களிலும் பேசியிருக்கிறேன். ஆனால் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உனக்கு நினைவிருக்கும். மறு ஆண்டு நான் 900 அடிக்குப் போர் போட்டேன். எழுநூறு அடி வரைக்கும் வெறும் புகைதான் கிளம்பியது. அதற்கப்புறம் ஈரமண் வந்தது, பிறகு தண்ணீர் பீறிட்டது. ரிக் வண்டிக்காரர் தேங்காய் உடைத்தார், நான் அழுதுவிட்டேன். அடுத்த கோடைக்குள் கிழக்குத் தோட்டத்து அக்காவின் கிணறு வறண்டது. எண்பது அடிக் கிணறு அது. சின்ன வயதில் நீ நீச்சல் பழகியது அதில்தான். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாடுகளை விற்றுவிட்டார்.

அவருக்கும் இலவச மின்சாரம் உண்டு, கண்ணு. ஐந்து எச்.பி. மோட்டாரும் இணைப்பும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. இறைக்கத்தான் தண்ணீர் இல்லை. மானியம் ஆளுக்கு ஒரே அளவு என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். ஆழமாகத் துளை போட வழி உள்ளவன் அதை எடுத்துக்கொள்கிறான், இல்லாதவனுக்குச் சுவிட்சு மட்டும் மிஞ்சுகிறது. நீ சொன்னதில் இது உண்மை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

ஆனாலும் நாளைக்கே மீட்டரை மாட்டி பில் கொடு என்றால் நான் எதிர்த்துத்தான் நிற்பேன். முதலில் கட்டு, மானியம் வங்கிக்கு வரும் என்பார்கள். கேஸ் சிலிண்டருக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த மானியம் தேய்ந்து தேய்ந்து சில்லறையாகிப் போனதை உன் அம்மா பாஸ்புத்தகத்தில் பார்த்தாள். வாழை வெட்டிய பிறகுதான் எங்கள் கைக்குப் பணம் வருகிறது, மின்கட்டணம் அதுவரைக்கும் காத்திருக்காது.

பஞ்சாபில் 2018-ல் தொடங்கிய திட்டம் ஒன்றைப் பற்றி நீ சொன்னாயே, மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்கு நான்கு ரூபாய் கொடுப்பது. அது எனக்குப் பிடித்தது. அதில் அரசுதான் விவசாயிக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட மீட்டர் என்றால் இங்கேயும் பேசிப் பார்க்கலாம். கூடவே மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வரும் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அது தெரியாததால்தான் எல்லோரும் ஸ்டார்ட்டரில் ஆட்டோ சுவிட்சு மாட்டி வைத்திருக்கிறோம். நள்ளிரவில் மின்சாரம் வந்தால் மோட்டார் தானே ஓடும். தொட்டி நிரம்பி வழிந்து, விடியும்போது வரப்பெல்லாம் சேறாகக் கிடக்கும். உறங்குகிறவன் எப்படி எழுந்து நிறுத்துவான்?

நான் ஒரு வேலை செய்திருக்கிறேன், யாருக்கும் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் என் செலவில் ஒரு மீட்டர் மாட்டினேன். மணிக்கு ஆறு யூனிட்டுக்கு மேல் ஓடுகிறது. முதல் மாதம் எப்போதும்போல் விட்டேன். இரண்டாம் மாதம் ஆட்டோவைக் கழற்றிவிட்டு, பகலில் மின்சாரம் இருக்கும்போது நானே போய்ப் போட்டு நிறுத்தினேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வாழை வாடவில்லை. மிஞ்சிய தண்ணீரில் வாரம் இரண்டு நாள் அக்காவின் தொட்டிக்குக் குழாய் போட்டு விடுகிறேன். அவர் மறுபடியும் ஒரு கன்று வாங்கியிருக்கிறார்.

கணக்கெழுதிய நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். என் கூட்டல் சரியா என்று பார். பொங்கலுக்கு வரும்போது நான்கு நாளாவது சேர்த்து விடுப்பு எடு. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேரை நம் களத்தில் உட்கார வைக்கிறேன், அந்தப் பஞ்சாப் திட்டத்தை நீயே அவர்களுக்குச் சொல். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா