டென்பி மருத்துவமனையைப் பேய் பங்களா ஆக்கியவர்களுக்கு

யூடியூபில் பேய் வீடியோ போடும் தம்பிகளுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு உங்கள் வீடியோ ஒன்று வந்தது. பிரிட்டனில், வட வேல்ஸின் டென்பி ஊரில் பாழடைந்து கிடக்கும் பழைய மனநல மருத்துவமனையைப் பற்றியது. உடைந்த ஜன்னல்கள், மணிக்கூண்டு, நடுவே ஒரு பெண்ணின் அலறல். "இங்கே அடைத்து வைத்த பைத்தியங்களின் ஆவி" என்று ஒரு குரல். அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

மருத்துவமனை திறந்த வருடம் 1848 என்று சரியாகவே சொல்கிறீர்கள். அதைத் தேடிப் படித்தபோது 1842-உம் கண்ணில் பட்டிருக்குமே. அதை ஏன் விட்டீர்கள்?

அப்போது வட வேல்ஸில் ஏழை மனநோயாளிகளுக்கென்று ஒரு மருத்துவமனை கிடையாது. பலரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கிராமத்து ஜனங்கள், வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷ் மட்டுமே தெரிந்தவர்கள். அங்கே மருத்துவருக்கும் பணியாளருக்கும் வெல்ஷில் ஒரு வார்த்தை தெரியாது. இது எவ்வளவு பெரிய கொடுமை என்று 1842-இல் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதியவர், குளோஸ்டர் மனநல மருத்துவமனையை நடத்திய சாமுவேல் ஹிட்ச். இங்கிலாந்துக்காரரே மனம் பொறுக்காமல் எழுதினார்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மனம் கலங்கிக் கிடக்கிற நேரத்தில் பசிக்கிறது என்று சொல்லக்கூட ஆளில்லை. வீட்டு ஞாபகம் வருகிறது, தலை வலிக்கிறது, எதைச் சொன்னாலும் எதிரே நிற்பவருக்கு அது வெறும் சத்தம். பிதற்றலா பேச்சா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வழியே இல்லை. குணமான பிறகும், குணமாகிவிட்டது என்று எந்த மொழியில் சொல்லிப் புரியவைப்பது?

அந்தக் கொடுமை தீரத்தான், டென்பியில் இந்த மருத்துவமனையைக் கட்ட ஊரார் நன்கொடை திரட்டினார்கள். அந்த வட்டாரத்து நிலக்காரர் ஜோசப் ஆப்லெட் 20 ஏக்கர் நிலம் தந்தார். நோயாளியின் பேச்சு காதில் விழவேண்டும் என்று கட்டிய இடத்தில், நீங்கள் அலறலை மட்டும் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்.

அங்கே நடந்ததெல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. சுமார் 200 பேருக்காகக் கட்டிய இடத்தில் பிற்காலத்தில் 1,500 பேர் வரை இருந்தார்கள். 1940களில் மூளையில் அறுவை சிகிச்சையும் செய்தார்கள். அதையெல்லாம் பேசுங்கள், பேசத்தான் வேண்டும். 1995-இல் மூடினார்கள், 2008-இல் ஒரு பகுதியைத் தீ தின்றது. ஆனால் அங்கே இருந்தவர்கள் கடைசி வரை மனிதர்கள்தானே.

என் அக்காவுக்கு மனநோய் வந்தபோது மாத்திரைக்கு முன்னால் கிடைத்தது வேப்பிலை அடிதான். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள், நாங்களும் நம்பினோம். இரண்டு வருஷம் வீணாய்ப் போனது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். சினிமாவில் மனநல வார்டு வந்தாலே சிரிக்கப் பழகிவிட்டோம். இத்தனைக்கும் நடுவில் ஒரு குடும்பம் டாக்டரிடம் போவதற்குள் என்ன பாடு படுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த வாட்ஸப் குழுவில் அவளும் இருக்கிறாள். வீடியோவைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். "நான் செத்தாலும் இப்படித்தான் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

தயவுசெய்து அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். முடியாது என்றால், ஆவி, அலறல் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, அந்தக் கட்டடம் ஏன் எழும்பியது என்று இரண்டு நிமிஷம் சொல்லிப் புதிதாகப் போடுங்கள். அதே குழுவில் நானே பகிர்கிறேன். அக்காவையும் பார்க்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தங்கை