போகியில் போடும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போகி பற்றி சென்ற இதழில் வந்த குறிப்பைப் படித்தேன். டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது மிகவும் சரி. மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆண்டுதோறும் இதைத்தான் கேட்டுக்கொள்கின்றன. ஆனால் அதே குறிப்பில், "பழைய பாய், துணி, வீட்டில் சேர்ந்து கிடக்கும் காகிதம் போன்றவற்றை மட்டும் எரித்தால் போதும்" என்று ஒரு வரி இருந்தது. அந்தக் 'காகிதம்' என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். அந்தக் காகிதக் கட்டில் பழைய பொங்கல் வாழ்த்து அட்டைகள் இருந்தால், தயவுசெய்து அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மார்கழி பிறந்துவிட்டால் அவருக்கு இன்னொரு தொழிலும் உண்டு. ராயபுரம் கல்மண்டபத்தில், மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒரு பலகையைப் போட்டு, பின்னால் இரண்டு கழி நட்டு, குறுக்கே சணல் கயிறு கட்டி, வாழ்த்து அட்டைகளைத் துணி கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுவார். பகலில் அம்மா உட்காருவார். பள்ளிக்கூடம் விட்டதும் நான். இருட்டியதும் அப்பா வந்து பெட்ரோமாக்ஸ் ஏற்றுவார். சரக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் எடுப்பது. இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கு அட்டை பார்க்க எல்லோரும் போகிற அதே தெருதான். அட்டைகளை நூறு நூறாகக் கட்டிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் சிவகாசி அச்சு. கட்டைப் பிரித்ததும் வரும் மை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

எது விற்கும், எது விற்காது என்று அப்பாவுக்கு அத்துப்படி. பொங்கி வழியும் பானை, இருபக்கமும் கரும்பு, மலைக்கு நடுவே சூரியன், கொம்புக்கு வர்ணம் பூசிய மாடு, இவை எப்போதும் ஓடும். ஜிகினாத் தூள் ஒட்டிய அட்டைக்குக் கொஞ்சம் விலை அதிகம், அதைப் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள்தான் வாங்குவார்கள். பையன்களுக்கு நடிகர் படம். எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவரையும் ஒரே கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். பிற்பாடு ரஜினிக்கும் கமலுக்கும் அதே சட்டம் வந்தது.

சூரியன் விஷயம் தனிக்கதை. தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் 1949இல் நடந்த ராபின்சன் பூங்கா எங்கள் ராயபுரத்தில்தான் இருக்கிறது. பொங்கலைத் தமிழர் திருநாள் என்று கொண்டாடச் சொன்ன இயக்கம் அது. பொங்கல் அட்டையில் தங்கள் சின்னமான உதிக்கும் சூரியனைப் பார்த்ததும் அந்தக் கட்சி வீட்டுக்காரர்கள் இரண்டு, மூன்று என்று சேர்த்து வாங்குவார்கள். 1972இல் அ.தி.மு.க. பிறந்த பிறகு, "சூரியன் இல்லாத அட்டை இருக்கா?" என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கென்று பானையும் கரும்பும் மட்டும் இருக்கும் அட்டைகளை அப்பா பலகைக்கு அடியில் எடுத்து வைத்திருப்பார். எங்கள் ஊரின் அரசியல் எந்தப் புத்தகத்தில் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், அந்த அட்டைக் கட்டுகளில் அது நேராகத் தெரியும். அதனால்தான் அவற்றை வெறும் காகிதம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பொங்கல் சரக்கு வருவதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் அட்டைகள் பத்து நாள் தொங்கும். ராயபுரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய, ஆங்கிலோ இந்தியர்களும் இருந்தார்கள். மண்ணடியிலிருந்து அப்பாவோடு வேலை செய்த ஒரு பாய் எங்களுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவார், ரம்ஜானுக்கு நாங்கள் அவருக்கு அனுப்புவோம். ஒருநாளைக்கு நான்கு முறை பார்த்துக்கொள்கிறவர்கள்தான் இருவரும். ஆனாலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அதில்தான் மரியாதை. அந்தத் தபால்காரருக்குப் பொங்கல் இனாம் கொடுக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை.

நான் ஏழாவது படிக்கும்போது அப்பா என்னை மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். 1985 மே மாதத் தீயில் எரிந்துபோன அந்தப் பழைய கட்டடம்தான். பழைய புத்தகக் கடை ஒன்றில் பிஸ்கட் டப்பா நிறைய வெளிநாட்டு அஞ்சல் அட்டைகள். அதில் ஒன்றை எட்டணாவுக்கு வாங்கிக் கொடுத்தார். பனி மூடிய ஒரு வீடு, வாசலில் சிவப்புக் காய் காய்த்த செடி, கை வைத்துத் தடவினால் படம் மேடு மேடாகத் தட்டுப்படும். மூலையில் பொடி எழுத்தில் ஜெர்மனியில் அச்சானது என்று இருந்தது. எதிர்வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டிதான் அதைப் படித்துச் சொன்னார். முதல் உலகப் போருக்கு முன்பு உலகத்துக்கே பண்டிகை அட்டை அச்சடித்துக் கொடுத்தது பெரும்பாலும் ஜெர்மானிய அச்சகங்கள்தான் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அந்த அட்டையின் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும்தான், சேதி எழுத இடமே இல்லை. இங்கிலாந்தில் 1902 வரை அஞ்சல் அட்டையின் விதியே அப்படி. சொல்ல வேண்டியதைப் படத்தின் ஓரத்தில்தான் இடுக்கி எழுத வேண்டும். இன்று பழைய அட்டை கிடைத்தால் முதலில் பின்பக்கம் சேதிக்கும் முகவரிக்கும் இடம் பிரித்து நடுவில் கோடு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

இந்த வழக்கம் தொடங்கிய கதையும் எனக்குப் பிடிக்கும். லண்டனில் ஹென்றி கோல் என்பவர் 1843இல், பண்டிகைக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத நேரமில்லாமல், ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி ஆயிரம் பிரதி அச்சடித்தாராம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை பிறந்தது அப்படித்தான். அஞ்சல் அட்டையோ 1869இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் வந்தது, பத்தே ஆண்டில், 1879இல், கால் அணாவுக்கு இந்தியாவுக்கும் வந்துவிட்டது. நேரமில்லாதவர் தொடங்கி வைத்த பழக்கத்தை நம் ஆட்கள் எப்படி மாற்றினார்கள் பாருங்கள். எங்கள் கடையில் ஒரே ஒரு அட்டையைத் தேர்ந்தெடுக்க அரைமணி நேரம் நிற்பார்கள்.

எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உறவினர்களுக்கு அட்டை அனுப்பும்போது பெயரும் முகவரியும் அப்பா எழுதுவார். உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதினால் அப்போது தபால் தலை செலவு குறைவு. அதில் நீளமாக எழுதக் கூடாது. எழுத முடியாத அம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அட்டையைத் திருப்பி, கீழ் மூலையில் ஐந்து புள்ளி வைத்து, பென்சிலால் ஒரு சிக்குக் கோலம் போடுவார். அதுதான் அவருடைய கையெழுத்து. அட்டை கையில் கிடைத்ததும் பெயரைப் பார்க்க மாட்டோம், கோலத்தைத்தான் பார்ப்போம் என்று அத்தை சொல்வார்.

விற்காமல் மிஞ்சியவை, எங்களுக்கு வந்தவை என்று ஒரு தகரப்பெட்டி நிறைய அட்டைகள் இருந்தன. எனக்குக் கல்யாணமாகி நான் தண்டையார்பேட்டைக்கு வந்த பிறகு, ஒரு போகிக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது தம்பி அந்தப் பெட்டியை அப்படியே கொட்டி எரித்துவிட்டான். கரையான் அரித்திருந்ததாம். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்று பள்ளிக்கூடத்திலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே. நான் காலையில் போனபோது பிள்ளைகள் போகி மோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள், சாம்பலில் ஜிகினா மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. அப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

அப்புறம், மூன்று வருடத்துக்கு முன் பொன்னேரியில் அத்தை காலமானார். அவருடைய பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே ஒரே ஒரு அட்டை கிடைத்தது. முன்பக்கம் ஜோடிக் காளை. பின்பக்கம் அப்பாவின் கோணல் எழுத்து, கீழே ஐந்து புள்ளிக் கோலம். அம்மாவின் கைபட்டு இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே காகிதம் அதுதான். எங்களிடம் இருந்ததெல்லாம் போய்விட்டது, நாங்கள் அனுப்பியது தப்பித்துவிட்டது. உங்கள் வீட்டில் இருக்கும் பழைய அட்டை இன்னொருவருடைய அம்மாவின் கையெழுத்தாக இருக்கும் என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எடுத்து வைப்பவர்களுக்குப் பட்டறிவில் சில சொல்கிறேன். லேமினேஷன் செய்யாதீர்கள், பிரிக்கவே முடியாது. செல்லோ டேப் ஒட்டினால் சில வருடத்தில் மஞ்சளாகிக் கறை பிடிக்கும். பசை தடவிய ஆல்பத் தாளும் வேண்டாம். எங்கள் பக்கம் கடல்காற்று, அட்டையில் சீக்கிரம் ஈரம் ஏறும், ராமபாணப் பூச்சியும் வரும். ஒவ்வொன்றுக்கும் இடையே வெள்ளைத் தாள் வைத்து, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, போகிக்கு முந்தின நாள், பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள். என் பேத்திக்கு 'புக் போஸ்ட்' என்றால் என்ன என்று விளக்க ஒரு சாயங்காலம் ஆனது, எங்கள் இருவருக்கும் அது நல்ல சாயங்காலம்.

தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் தன் வீட்டில் சேர்த்து வைத்ததிலிருந்து உருவானதுதான். வடசென்னையின் கிளை நூலகங்களில் அவ்வளவு பெரிதாக எதுவும் வேண்டாம், அலமாரியில் ஓர் அட்டைப் பெட்டி ஒதுக்கினால் போதும். அந்தந்தப் பேட்டை மக்கள் தங்களிடம் இருப்பதன் நகலையாவது கொண்டுவந்து தருவார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பொங்கல் இதழில் வாசகர்களின் பழைய வாழ்த்து அட்டைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தொடங்கி வைக்க, ஜோடிக் காளை அட்டையின் இரண்டு பக்கங்களையும் நகலெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இடம் குறைவாக இருந்தால் காளையை விட்டுவிடுங்கள், கோலம் இருக்கும் பக்கத்தைப் போடுங்கள். பென்சில் கோடு மங்கலாக இருக்கிறது, அச்சில் கொஞ்சம் அழுத்தமாக வரும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.