நில்லுங்கள் என்றதும் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மட்டக்களப்பு வாழ் மக்களுக்கு என் பணிவான வணக்கம்.

நகரத்தின் வீதிகளிலும் சந்தையிலும் பஸ்களிலும் நான் பேனையால் வரைந்த ஆட்படங்களின் கண்காட்சி புளியந்தீவில் நிறைவாக நடந்து முடிந்திருக்கிறது. வந்து பார்த்தவர்களுக்கு மண்டபத்திலேயே நன்றி சொன்னேன். படங்களில் இருப்பவர்களுக்குத்தான் இன்னும் முறையாகச் சொல்லவில்லை. அவர்களிற் பெரும்பாலானோர் வழியில் எதிர்ப்பட்டவர்கள். சிலரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வீடு தேடிப்போய்ச் சொல்ல முடியாத நன்றியை ஊரறியச் சொல்வதே முறை என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் பாடசாலையில் சித்திரம் கற்பிப்பவள். வகுப்பு முடிந்த பிற்பகல்களில் கொப்பியும் பேனையுமாக இறங்கி, உடுப்பில் ஒரு கவனம் தெரிகிறவர்களை நிறுத்தி, ஒரே வேண்டுகோளைத்தான் முன்வைத்தேன்: “நீங்கள் இன்று உடுத்தியிருக்கும் விதத்தை வரைய விரும்புகிறேன், சற்று நேரம் நிற்பீர்களா, ஏன் இதை உடுத்தினீர்கள் என்று சொல்வீர்களா?” அவர்கள் சொன்னதைப் படத்தின் கீழே அப்படியே எழுதினேன். நியூயோர்க் நகரத்தில் பில் கன்னிங்ஹாம் (1929–2016) என்ற ஒளிப்படக்காரர் நீல நிறத் தொழிலாளர் மேற்சட்டையுடன் சைக்கிளில் திரிந்து, ஐந்தாம் அவெனியூவும் 57ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் நின்று, வழிப்போக்கர் உடுத்தும் விதத்தைப் பல பத்தாண்டுகள் பத்திரிகைக்காகப் படம் பிடித்தார். அவருடைய வேலையைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. ஆனால் அவர் பெரும்பாலும் கேட்காமலே எடுத்தார். இங்கே அப்படிச் செய்யக் கூடாது என்று முதலிலேயே முடிவெடுத்தேன்.

அந்த முடிவுக்குக் காரணம் இந்த ஊரில் உள்ள எவருக்கும் விளங்கும். சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி, வரிசையில் நிறுத்தி, அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, விபரங்களைக் கொப்பியில் பதிந்துகொண்ட காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். முகத்தை மறைத்துக்கொண்டு, தலையை அசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிகளின் முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் இன்றும் இதே வீதிகளில்தான் நடந்து போகிறார்கள். போர் 2009 இல் முடிந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் நம்மை உற்றுப் பார்த்து எதையோ எழுதினால் வயிற்றில் எழும் அந்தக் கலக்கம் அந்த ஆண்டோடு முடிந்துவிடவில்லை. அப்படிப்பட்ட ஊரில், பெயர் தெரியாத ஒருத்தி கொப்பியை விரித்துக்கொண்டு “நில்லுங்கள்” என்றபோது நின்றீர்கள். தலை முதல் கால் வரை பார்க்க விட்டீர்கள். நான் நன்றி சொல்வது முதலாவதாக அதற்கே. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கல்லடியில், 1924 இல் திறக்கப்பட்ட பழைய பாலமும் 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கும் இடத்தில், சைக்கிளை நிறுத்தி வாவியைப் பார்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவரை முதலில் கேட்டேன். முழுக்கை வெள்ளைச் சேர்ட்டை முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒரே அளவில் மடித்து, பச்சையும் கபிலமும் கலந்த கட்டம் போட்ட சாறன் உடுத்தியிருந்தார். அவர் பதில் சொல்லாமல் கொப்பியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, எதுவும் எழுதப்படாத தாள்களையும் பார்த்து முடித்த பிறகே திருப்பித் தந்தார். “சரி மகள், வரையுங்க” என்றார். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் களிசானும் சப்பாத்துமாகவே போனவர். ஓய்வு பெற்ற மறுநாள் சாறனுக்கு மாறியவர். தையல் விழும் இடம் பின்னுக்குப் போக வேண்டும், முன்னால் கட்டத்தின் கோடு நிலத்துக்கு நேராக இறங்க வேண்டும், சைக்கிள் மிதிப்பதற்கென்றால் முன்மடிப்பைக் கொஞ்சம் அகலமாக விட வேண்டும் என்று, வீதியென்றும் பாராமல் மடிப்பைக் கையால் பிடித்துக் காட்டினார். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மற்ற உடுப்பெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சாறனுக்குள் மட்டும் காற்று நிற்கும் என்பது அவருடைய அனுபவம். படம் முடிந்ததும் அதைப் பார்க்கவில்லை. எழுதியதை மட்டும் வாசித்துக் காட்டச் சொன்னார். அந்தக் காலத்தைக் கண்ட ஒருவர் கேட்க வேண்டியது அதுதான் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் எழுதியதை வாசித்துக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஐயா, இந்தப் பணிக்கு ஒழுங்கு கற்றுத்தந்தவர் நீங்கள்.

பொதுச் சந்தையில் கீரையும் மரக்கறியும் விற்கும் அம்மாவின் படத்தின் முன்தான் கண்காட்சியில் அதிகமானோர் நின்றார்கள். கத்தரிப்பூ நிறச் சேலை, கிளிப்பச்சைச் சட்டை, சேலையின் கரையிலுள்ள மெல்லிய பச்சைக்கோட்டுக்குப் பொருத்தமாக இரண்டு கைகளிலும் பச்சை வளையல்கள். காலை நாலு மணிக்கு எழுந்து சந்தைக்கு வருகிறவர் இவ்வளவு பொருத்தம் பார்த்து உடுத்துவது எப்படி என்று கேட்டேன். நாவலடியில் இருந்தவர் அவர்; 2004 டிசெம்பர் 26 இல் வீடும் வீட்டில் இருந்ததெல்லாமும் போனபின் திராய்மடுவில் குடியேறியவர். “கடல் வந்தாப்பிறகு ஆரோ அனுப்பின உடுப்பத்தான் உடுத்தம். குளிருக்குப் போடுற மொத்தச் சட்டையும் அதுக்குள்ள கிடந்தது. அளவும் இல்ல, நிறமும் இல்ல. நான் உழைச்ச காசில முதல்ல வாங்கினது இந்த நிறத்தில ஒரு சேலதான் புள்ள” என்றார். அன்று உடுத்தியிருந்தது அந்த முதற் சேலை அல்ல. அது கிழிந்தபின் அதே நிறத்தில் வாங்கிய இன்னொன்று.

அள்ளி அனுப்பியவர்களின் நல்ல மனத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அவரும் சொல்லவில்லை. ஆனால் பேரிடரில் மனிதர் இழப்பவற்றின் பட்டியலில், இன்று எதை உடுத்துவது என்று தானே தீர்மானிக்கும் உரிமையை எவரும் எழுதுவதில்லை. அதை இழந்து, பிறகு தன் உழைப்பால் மீட்டுக்கொண்ட ஒருவர், கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்தபடியே எனக்கு அதை விளக்கினார். ஒரு நிபந்தனையும் வைத்தார்: படத்தின் கீழே சுனாமியால் பாதிக்கப்பட்டவர் என்று எழுதக் கூடாது, மரக்கறி வியாபாரி என்றே எழுத வேண்டும். அப்படியே எழுதினேன். நாவலடிக் கதையை இங்கே எழுதுவதற்கும் அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் மண்டபத்துக்கு வந்ததும், படத்திலுள்ள வளையல்களில் ஒன்று குறைகிறதா என்று பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் சொன்னதும் என் மனத்தில் நிற்கும்.

கல்முனை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் அக்காவை, ராத்தாவைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் அணிந்திருந்த கறுப்பு ஹபாயாவின் கைகளில் அதே கறுப்பு நூலால் பூத்தையல் போடப்பட்டிருந்தது. நேரே பார்த்தால் தெரியாது; யன்னல் வெளிச்சம் சரிவாக விழும்போது மட்டும் கோடுகள் எழுந்து வந்தன. தானே தைத்ததாகவும், தாயார் பின்னிய பன்பாயின் ஓர வேலைப்பாட்டைப் பார்த்துப் பழகிய கோலம் என்றும் சொன்னார். பிறர் கண்ணில் உடனே படாத ஒன்றுக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்டபோது, “எனக்குத் தெரியும்தானே” என்று மட்டும் பதில் வந்தது. பஸ் குலுங்கியதால் ஆரையம்பதி தாண்டியதும் என் கொப்பியை வாங்கி, அந்தக் கோலத்தைத் தன் கையாலேயே வரைந்து தந்தார். கண்காட்சியில் இருந்தவற்றுள் நான் வரையாத ஒரேயொரு படம் அதுதான். வரைந்தவர் அவர் என்று கீழே குறித்திருந்தேன்.

அவர் மருதமுனையில் இறங்கியபோது என்னையும் இறங்கச் சொல்லி, கைத்தறி நெய்யும் உறவினர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பாலத்தில் நின்ற ஐயாவின் சாறன் எங்கே பிறக்கிறது என்பதை அங்கேதான் கண்டேன். நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நிற வரிசை தறியில் ஏற்றும்போதே நிலையாகிவிடுகிறது. குறுக்கே ஓடும் ஊடை நூலின் நிறத்தை எத்தனை ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை நெய்பவர் கைக்கணக்கில் வைத்திருக்கிறார். அடிக்கும் அடி ஒரே அளவாக விழாவிட்டால் சதுரம் நீண்டு போய்விடும். நெசவு செய்த அண்ணன், அவர்கள் வழக்கில் காக்கா, தறியை நிறுத்தி, முடிந்த துணியை வெளிச்சத்தில் மடித்துப் பிடித்து, மடிப்பில் கட்டம் எங்கே மறைந்து எங்கே திரும்ப வெளிப்படுகிறது என்று வரைபவளின் கண்ணுக்கு வேண்டியதைத் தானாகவே காட்டினார். கூலி நேரத்தை எனக்காக விட்டுக்கொடுத்த அவருக்கும், பெயர்கூடக் கேட்காமல் தேநீர் தந்த அந்த வீட்டு உம்மாவுக்கும் நன்றி. நிற்காத தறியின் சத்தம் கேட்கும் வீடுகள் இன்னும் இருப்பதால்தான் நம் பகுதி ஆண்களின் இடுப்பில் இந்த நிறங்கள் இருக்கின்றன. கடையில் ஒரு சாறனைக் கையில் எடுக்கும்போது அது எங்கே நெய்தது என்று கேட்டு வாங்குங்கள் என்று இந்த மடலிலேயே ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன்.

மாரி மழை பிடித்த நாட்களில் தன் தையற்கடை விறாந்தையில் எனக்கு ஒரு கதிரை போட்டுத்தந்த, ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் சமூகத்துப் பெரியவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசி, கடையில் தமிழ் பேசி, மரவேலையும் தையலும் சப்பாத்து வேலையும் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட அந்தச் சமூகம் இல்லாமல் மட்டக்களப்பின் உடுப்பைப் பற்றி எழுத முடியாது. அவர் களிசானுக்கு அளவெடுக்கும் முன் ஆளைக் கடை வாசலிலிருந்து வீதிவரை நடக்கச் சொல்வார். நின்றபடி எடுக்கும் அளவு நிற்பதற்குத்தான் சரிவரும் என்பார். அதைக் கேட்டபின் நானும், நிறுத்தியவர்களை வரையத் தொடங்கும் முன் பத்தடி நடந்து காட்டச் சொன்னேன். படங்களில் துணி விழும் விதம் மாறியது.

பார் வீதியில் கறுப்பு ரீ சேர்ட்டும் நெற்றியில் விழும் தலைமயிருமாக நின்ற தம்பிமார் கூட்டமாகவே வரையச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர், முகம் வேண்டாம், சப்பாத்தை மட்டும் வரையுங்கள் அக்கா என்றார். பற்பசை போட்டுத் தேய்த்து வெளுத்த வெள்ளைச் சப்பாத்து அது. அதையே வரைந்தேன்.

மறுத்தவர்களையும் இங்கே நினைக்கிறேன். உதயதேவி ரயிலிலிருந்து இறங்கி வந்து, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனவர், காந்தி பூங்காவில் மகளை அணைத்துக்கொண்டு தலையசைத்த தாய், இன்னும் பலர். காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. மறுப்பதற்கு இடம் இல்லாத நிறுத்தல்களைக் கண்ட ஊரில், அச்சமில்லாமல் வேண்டாம் என்று ஒருவர் சொல்லிப் போக முடிந்ததும் எனக்கு நிறைவைத் தந்தது. சம்மதித்தவர்கள் மனமார்ந்துதான் சம்மதித்தார்கள் என்று நம்பவும் அதுவே துணையானது.

எதிர்பாராத மழையில் கொப்பிகள் நனையாமல், தன் மழைக்கோட்டைக் கழற்றிச் சுற்றித்தந்து, தான் நனைந்தபடி கோட்டைமுனையிலிருந்து வீடுவரை கொண்டுவந்து சேர்த்து, காசு வாங்க மறுத்த ஓட்டோ அண்ணனுக்கும், கண்ணாடிக்கு மட்டும் விலை பெற்றுக்கொண்டு சட்டம் அடித்த கூலியை விட்டுத்தந்த பிரேம் கடைக்காரருக்கும், மண்டபத்தைப் பூட்டும் நேரம் கடந்தும் கடைசியாக வந்தவர்கள் பார்த்து முடியும்வரை திறப்போடு காத்திருந்த காவலாளி ஐயாவுக்கும், படங்களை மாட்டிய என் மாணவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி ஒரு அறிவித்தல். மூலப்படங்கள் படத்தில் இருப்பவர்களுக்கே உரியவை. பிரதிகள் எனக்குப் போதும். தேடிக் கண்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். மற்றவை அந்தப் பிரேம் கடையிலேயே பொதி செய்து வைக்கப்பட்டுள்ளன. எல்லை வீதியில் சிவப்புக் கரை வைத்த வெள்ளைச் சேலையும் ஆண்கள் கட்டும் மணிக்கூடுமாக வந்த ஆசிரியை, மாமாங்கம் கோயில் வாசலில் வேட்டியின் மேல் நீலச் சால்வையை இடுப்பில் கட்டியிருந்த நாதஸ்வரக் கலைஞர், திருமலை வீதியில் மூன்று வேறு நிறப் பொத்தான்கள் தைத்த சேர்ட் போட்டிருந்த மேசன், தாதியர் சீருடையோடு மல்லிகைச் சரத்தைக் கைப்பைக்குள் வைத்திருந்து வேலை முடிந்ததும் சூடிக்கொண்ட தங்கச்சி, பஸ் நிலையத்தில் இரட்டைப் பின்னலில் இரண்டு வேறு நிற ரிபன் கட்டியிருந்த சிறுமியின் தகப்பனார் ஆகியோர் வந்து தங்கள் படங்களைப் பெற்றுக்கொள்ளுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன். உங்களை அறிந்தவர்கள் இதை வாசித்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
கல்லடி உப்போடையிலிருந்து,
சித்திர ஆசிரியை