பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் மைதானத்தில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் அங்கங்கே இருக்கின்றன. இந்தப் பேச்சு வந்தாலே, "பாடம் யார் நடத்துவது? பரீட்சை எப்படி எழுதுவார்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது. 14 வயது நிரம்பிய பிள்ளை தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிவு செய்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு தடவை தேர்வு நடக்கிறது. நான் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தப் பிள்ளைகள் தினமும் யாரோடு விளையாடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

சாயங்காலத்தில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் அக்கம்பக்கத்துப் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே 12 வயதுப் பையன் ஒருவன் வருகிறான். மூன்றாம் வகுப்போடு அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். வகுப்பில் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லி, ஆசிரியரே சிரித்திருக்கிறார். இதைக் கேட்ட பிறகு அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையன் கெட்டிக்காரன். கெடிலம் ஆற்றுப் பக்கம் எந்தெந்தப் பறவை வருகிறது என்று என்னிடம் மணிக்கணக்கில் சொல்வான். என்னைப் போன்ற வயதானவர்களோடு பேசும்போது அவனுக்குத் திக்கல்கூடக் குறைந்துவிடுகிறது.

ஒருநாள் இவன் பாடிப் போய், எதிரணிப் பையன் ஒருவனின் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். தொடவே இல்லை என்று அவன் சாதித்தான். அவன் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். கபடியில் இது தினசரி நடப்பதுதான். ஆனால் இவன் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. முகம் வெளிறிப்போய் நேராக நடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டான். அந்த வாரம் முழுக்க ஆளைக் காணோம். சண்டை போட்ட பையனோ அடுத்த ஆட்டத்திலேயே எல்லாவற்றையும் மறந்துவிட்டு, "எங்க சார் அவன்?" என்று என்னிடம் கேட்கிறான்.

சண்டை வரும், போகும், மறுநாள் அதே பையன் தோளில் கை போட்டுக்கொண்டு வருவான் என்பது மற்றப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிகிறது. காலையில் கா விட்டு, மத்தியானம் பழம் விட்டுப் பழகி வந்த தெளிவு அது. வீட்டில் அம்மா அப்பா எவ்வளவு அன்பாக இருந்தாலும் இதைக் கொடுக்க முடியாது. பெரியவர்கள் பிள்ளையிடம் விட்டுக்கொடுத்துவிடுவோம். சம வயதுப் பையன் விட்டுக்கொடுக்க மாட்டான்.

பிறகு ஒருநாள் அவன் அம்மா மைதானத்துக்கே வந்தார். "படிப்பு நல்லாத்தான் சார் படிக்கிறான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்க மாட்டேங்கிறான். நகத்தைக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் வருது. வீட்டுக்கு யாராவது வந்தா ரூமை விட்டு வெளியே வர்றதில்ல. வயித்து வலிங்கிறான், ஸ்கேன் எடுத்துப் பார்த்தா ஒண்ணுமில்லங்கிறாங்க." மனநல மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்கினார். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எழுதிக் கொடுத்தேன். காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். முதலில் அதில் பேசினார்கள், அப்புறம் அரசு மருத்துவமனைக்கும் போனார்கள். இப்போது தூக்கம் ஓரளவு சீராகியிருக்கிறது.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். புதுச்சேரியில் வாரம் ஒருநாள் கூடும் சில குடும்பங்களைத் தெரியும். அந்தப் பிள்ளைகள் கலகலப்பாகத்தான் இருக்கிறார்கள். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் மதியம் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும் பிள்ளைகளையும் என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஆனால் வாரம் ஒருநாள் சந்திப்பு என்பது வளரும் பிள்ளைக்குப் போதவே போதாது. சிலம்பம் போகிறான், அபாகஸ் போகிறான், கீபோர்டு போகிறான் என்று சில பெற்றோர் கணக்குச் சொல்கிறார்கள். நல்லது, போகட்டும். அங்கெல்லாம் பெரியவர் ஒருவர் நடுவில் நின்று, யார் முதலில், யார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறார். பிள்ளைகளே அணி பிரித்து, சேர்த்துக்கொள்ளப்படாமல் நின்று, கெஞ்சி உள்ளே நுழைந்து, அவுட்டா இல்லையா என்று வாதாடி விளையாட ஒரு மணி நேரம் வேண்டும்.

கொரோனா நேரத்தில் இது எல்லோர் வீட்டிலும் நடந்ததுதான். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. திரும்பி வந்த பிள்ளைகள் ஒரு பந்துக்காகக் கட்டிப் புரண்டார்கள், இல்லாவிட்டால் ஓரமாக உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். தனிமையில் பிள்ளைகள் வாடிவிட்டார்கள் என்று அன்றைக்கு ஊரே பேசியது. மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கிவைத்தார்கள், தெருவுக்குத் தெரு சாயங்காலம் பிள்ளைகள் கூடினார்கள். ஊருக்கே வந்த தனிமைக்கு அரசு அவ்வளவு வேகமாக ஏற்பாடு செய்தது. ஒரு வீட்டுப் பிள்ளையின் தனிமை அதன் கணக்கில் வருவதில்லை.

இந்தப் பையன் இப்போது நல்ல ரெய்டர். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்கு அனுப்ப எனக்கு ஆசை. அனுப்ப முடியாது. பள்ளியின் பெயரில்தான் அணி, தலைமை ஆசிரியர் கையெழுத்து இல்லாமல் யாரும் இறங்க முடியாது. முதலமைச்சர் கோப்பையிலோ பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது வரை, பொதுப் பிரிவு 15 முதல் 35 வரை. பள்ளியின் பெயர் இல்லாத 12 வயதுப் பையன் எதில் சேருவான்? பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழுவின் கண்ணிலும் இவன் படுவதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் இல்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் இல்லை. ஆக, இந்தப் பிள்ளையைக் கேட்பாரும் இல்லை, சேர்த்துக்கொள்வாரும் இல்லை.

அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் சட்ட அனுமதி உண்டு. அங்கே ஃபுளோரிடாவில் வீட்டில் படிக்கும் பிள்ளை தன் பகுதி அரசுப் பள்ளி அணியில் சேர்ந்து விளையாடலாம். அப்படி ஆடி வந்தவர்தான் கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆட்டத்தில் பெரிய பெயர் எடுத்த டிம் டீபோ. நம் ஊரில் அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிராமங்களில் பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, "வீட்டிலேயே படிக்கட்டும்" என்று சொல்லும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. அது வீட்டுக்கல்வி ஆகாது. அந்தப் பெண்ணுக்குப் படிப்பும் போய், தோழிகளும் போய், கொஞ்ச நாளில் கல்யாணப் பேச்சு வந்து நிற்கும். அப்படி ஒரு பிள்ளையைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். உண்மையாகவே வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியோடு ஏதாவது ஒரு விதத்தில் இணைத்துவைத்தால், இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவும் வசதியாக இருக்கும்.

கடலூர், புதுச்சேரி கல்வித்துறை அதிகாரிகளிடம் நான் கேட்பது இதுதான்: சேர்க்கை போட்டால்தான் ஆயிற்று என்று நிற்காமல், வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பக்கத்து அரசுப் பள்ளியின் பி.டி. பீரியடுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் வரவிடுங்கள், அந்தப் பள்ளியின் பெயரிலேயே ஆடவிடுங்கள். பெற்றோரும் பள்ளியின் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளையின் சிநேகிதத்தில் காட்ட வேண்டாம். குறுவட்டப் போட்டிகள் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆட அந்தப் பையனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.