கல் எங்கே போச்சுன்னு கேட்டாயே

ஏற்காடு

அன்புள்ள கண்ணு,

மூணு ஞாயிறாக உன் போன் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரக் காற்றில் நம் சரிவில் ரெண்டு சில்வர் ஓக் மிளகுக்கொடியோடு சாய்ந்துவிட்டது. ரெண்டும் ஒரே பக்கம் தலைவைத்துக் கிடந்ததைப் பார்த்ததும் துங்குஸ்கா ஞாபகம் வந்தது. நீ எட்டாவது படிக்கும்போது, கரண்ட் போன ராத்திரி சொன்னேனே: 1908 ஜூன் 30 காலை, ரஷ்யாவின் சைபீரியாக் காட்டுக்கு மேலே வானத்திலிருந்து வந்த கல் வெடித்து, சுமார் எட்டு கோடி மரம் சாய்ந்த கதை. "கல்லு எங்கப்பா போச்சு?" என்று கேட்டாய்.

இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். லியோனிட் கூலிக் என்ற ரஷ்ய விஞ்ஞானி அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததே 1927இல். பெரிய பள்ளம் இருக்கும் என்று நம்பிப் போனார், இல்லை. நடுவில் மரங்கள் கிளை உதிர்ந்து மொட்டைக் கம்பமாக நின்றன, சுற்றிலும் உள்ளவை வெளிப்பக்கமாக விழுந்து கிடந்தன. ஒரு சேற்றுக்குழியில்தான் கல் இருக்கிறது என்று தண்ணீரை வடித்துத் தோண்டினார். அடியில் பழைய மரத்தின் அடிக்கட்டை இருந்தது. கல் விழுந்த குழியில் கட்டை எப்படி மிஞ்சும்?

கல் தரைக்கே வரவில்லை, கண்ணு. வந்த வேகத்தில் காற்று அழுத்தி, 5 முதல் 10 கிலோமீட்டர் உயரத்திலேயே சிதறிவிட்டது. நேர் கீழே இருந்த மரத்தை வெடிப்பின் அதிர்வலை தலைக்கு மேலிருந்து அடித்ததால் நின்றது, தள்ளி இருந்ததைப் பக்கவாட்டில் தள்ளியது. வால்நட்சத்திரமா, சிறுகோளா என்ற வாதம் தீரவில்லை. 1973இல் குட்டிக் கருந்துளை என்றுகூட எழுதினார்கள். 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே சுமார் 20 மீட்டர் கல் வெடித்தபோது, ஜன்னல் கண்ணாடி தெறித்துத்தான் நிறையப் பேருக்குக் காயம்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. அறிவியல் வாத்தியார், தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "பரீட்சைக்கு வராததக் கேக்காத" என்று அதட்டினேன். அதற்கப்புறம் நீ என்னிடம் எதையுமே கேட்டதில்லை. உன் பேர் பேப்பரில் வந்ததை சேலத்துக்கே எடுத்துப்போய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்திரையில் வந்தபோது திண்ணைப் பக்கம் நின்று ஏதோ சொல்ல வந்தாய். நான் பேப்பரை மடிக்கவில்லை. தப்பு என்னுடையது.

என்ன விஷயம் என்று கேட்கமாட்டேன். நீயும் ஒரு வரி போட்டிருக்கலாம், அம்மா தூங்குவதில்லை. காப்பித்தூள் அனுப்பியிருக்கிறேன். வெறும் வயிற்றில் குடிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு.

ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு. இப்போதெல்லாம் போனோடு மொட்டை மாடியில்தான் உட்காருகிறேன், அங்கேதான் டவர் கிடைக்கிறது.

அப்பா